எடைக்கான ஊசியை ஏன் ஒளிக்கிறோம்?

(சுங்கை பூலோவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருந்தை எப்படிப் பயன்படுத்துவது என்று பேசுவதற்கு மலேசியாவில் சுங்கை பூலோவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்று நினைக்கிறேன். 1930இல் இங்கே தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் கண்டவரைக் குடும்பத்திடமிருந்து பிரித்து ஒதுக்கி வைக்க அன்றைய சட்டம் இடம் கொடுத்தது. உள்ளே பிறந்த குழந்தைகள்கூடப் பெற்றோரிடம் வளரவில்லை. தொடக்கத்தில் சால்மூக்ரா எண்ணெயை ஊசியாகப் போட்டார்கள். வலி அதிகம், பலன் குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டாப்சோன் மாத்திரை வந்தது. நோயை அடக்கிக் காட்டியது. பல்லாண்டுகள் இந்த ஒரே மருந்தை நம்பித்தான் நோயாளிகள் வாழ்ந்தார்கள்.

1964இல் பெட்டிட், ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிருந்த நோயாளிகளை ஆராய்ந்து ஒரு செய்தியை உலகத்துக்குச் சொன்னார்கள். தொழுநோய்க் கிருமி டாப்சோனை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது என்பதற்கான முதல் உறுதியான சான்று அது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனத்தின் குழு 1981இல் பரிந்துரைத்ததற்குப் பின்னால் சுங்கை பூலோ நோயாளிகளின் உடலும் இருக்கிறது. மருந்து நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. எவ்வளவு, எத்தனை நாள், எதனோடு சேர்த்து, யாருடைய கண்காணிப்பில் என்பவையும் மருந்தின் பகுதிதான். இந்த ஊர் மண்ணில் படித்த பாடம் இது.

இந்த மண்ணில் இன்னொன்றும் நடந்தது. தோலில் உணர்ச்சியற்ற ஒரு தேமல் தெரிந்ததும் அதைச் சட்டைக்குள் மறைத்தார்கள். விரல் மடங்கிய பிறகுதான் வெளியே வந்தார்கள். மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்தது வெட்கமும் பயமும். நான் இன்று பேச வந்திருப்பது தொழுநோயைப் பற்றியல்ல, உடல் எடையைக் குறைக்கும் மருந்துகளைப் பற்றி. தொழுநோய்க்கும் உடல் பருமனுக்கும் ஒற்றுமை கிடையாது. வெட்கம் மட்டும் அதே வெட்கம்.

முதலில் நம் நிலவரம். சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். பாதிக்கும் மேல். நீரிழிவு, நம் வீடுகளில் நாம் சொல்லும் இனிப்பு நீர், இந்தியர்களிடையே மற்ற இனத்தாரைவிட அதிகம். 2019 ஆய்வில் இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இந்த மண்டபத்தில் ஒரு வரிசையில் மூவர் உட்கார்ந்திருந்தால் அவர்களில் ஒருவர் என்ற கணக்கு.

இது இரண்டு தலைமுறைகளில் வந்த மாற்றம். இங்கே பக்கத்தில்தான் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்தது. இன்று அந்த நிலத்தில் குவாசா டாமான்சாரா நகரம் எழுகிறது. விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, வெயில் ஏறியபின் லயத்துக்குத் திரும்பிய தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இன்று லாரி ஓட்டுகிறார்கள், கிராப் ஓட்டுகிறார்கள், பன்னிரண்டு மணி நேரம் காவல் கூண்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் இருக்கும் சோறு குறையவில்லை, நடை குறைந்துவிட்டது. கூடவே காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்குத் தே தாரிக், வேலை முடிந்து இன்னொரு தே தாரிக். இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலையில் வரி போட்டு, பிறகு அதை ஏற்றியும் பார்த்தது. அந்த வரி அடைத்து விற்கும் பொருள்களுக்குத்தான். உணவுக்கடையில் கலக்கித் தரும் தேநீருக்கு அது பொருந்தாது.

இந்த நிலையில்தான் புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றை நான் வரவேற்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, போதும் என்று மூளைக்குச் சொல்கிறது. இயற்கையில் அது சில நிமிடங்களில் கரைந்துவிடும். வாரக்கணக்கில் நிற்கும்படி அதைப்போல் ஒன்றைச் செய்ததுதான் செமாகுளுடைட். ஓசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் நீங்கள் கேள்விப்படுவது இதுதான். தினமும் போட வேண்டிய லிராகுளுடைட், அதாவது சாக்செண்டா, இதற்கு முந்தியது. டிர்செபடைட் என்ற மௌன்ஜாரோ இதற்குப் பிந்தியது.

2021இல் வெளியான ஆய்வில், நீரிழிவு இல்லாத பருமனானவர்களுக்கு 68 வாரம் செமாகுளுடைட் கொடுத்தபோது சராசரியாக உடல் எடையில் 14.9 விழுக்காடு குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 விழுக்காடுதான். 2023இல் வந்த ஆய்வில், இதயநோய் ஏற்கனவே உள்ள 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ‘வாயைக் கட்டினால் போதும்’ என்று பருமனானவர்களுக்கு இத்தனை காலம் உபதேசம் செய்தவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். பசி என்பது மனவுறுதி மட்டும் தீர்மானிக்கிற விஷயமில்லை. அதில் ஹார்மோனுக்கும் பங்கு உண்டு, அதற்கு மருந்தும் உண்டு. 2025 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் உடல் பருமனுக்கு இந்த மருந்துகளைப் பயன்படுத்தும் வழிகாட்டியையே வெளியிட்டுவிட்டது. நீண்டகால நோய்க்கு நீண்டகாலச் சிகிச்சை, அதோடு உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. இதுதான் அதன் சாரம்.

இத்தனை நல்ல மருந்து எப்படி ஆபத்தாகிறது? நான் பல காலம் ஃபார்மசிக் கவுண்டரில் நின்றவன். அங்கே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு தங்கை வந்தார், நாற்பது வயதிருக்கும். கைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு பேனா ஊசியை எடுத்துக் கவுண்டரின் கீழ்ப்பக்கமாக, மற்றவர் கண்ணில் படாமல் நீட்டினார். “அண்ணே, இது சரியானதான்னு மட்டும் பாருங்க. வீட்ல யாருக்கும் தெரியாது.” அழகுநிலையம் நடத்தும் தோழி ஒருத்தி மூலமாக வாங்கியது. பெட்டியில்லை, சீட்டில்லை. மேலே ஒட்டியிருந்த தாளில் எழுத்து கோணலாக இருந்தது. ‘மால்’ பதிவு எண் இல்லை. பேனா வெதுவெதுப்பாக இருந்தது. மத்தியான வெயிலில் காரில் கிடந்திருக்கிறது. எத்தனை அளவு போட்டீர்கள் என்று கேட்டேன். “அவ எவ்வளவு போட்டாளோ அவ்வளவு.” தோழி ஓராண்டாகப் போடுகிறவள், இவருக்கு அது முதல் ஊசி. இரண்டு நாளாக வாந்தி. அதோடு இனிப்பு நீருக்குக் கிளிக்லசைட் மாத்திரையும் நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. அவசரப் பிரிவுக்கு அனுப்பி வைத்தேன், நலமாகத் திரும்பினார். என்னை உறுத்தியது ஒன்றுதான். சொந்தக் கணவரிடம் சொல்லவில்லை, மாதாமாதம் போகும் அரசு கிளினிக்கிலும் சொல்லவில்லை. ‘குண்டாக இருப்பதால் ஊசி போடுகிறாள்’ என்ற பேச்சுக்கு அவ்வளவு பயம்.

அந்தப் பேனாவில் இருந்த ஒவ்வொரு தவறையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலாவது, அது எங்கிருந்து வந்தது என்பது. மலேசியாவில் பதிவு பெற்ற ஒவ்வொரு மருந்திலும் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும், சுகாதார அமைச்சின் ஒளிபட்டால் நிறம் மாறும் பாதுகாப்பு ஒட்டும் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் குவெஸ்ட் தளத்தில் யாரும் தட்டிப் பார்க்கலாம். பெயரும் நிறுவனமும் பொருந்த வேண்டும். இந்த ஊசிகள் மருத்துவர் சீட்டில் வாங்க வேண்டியவை. கிளினிக்கும் ஃபார்மசியும் தவிர வேறு இடத்தில், அழகுநிலையத்தில், டெலிகிராம் குழுவில், நேரலை விற்பனையில் கிடைக்கிறதென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இது வெறும் சட்டப் பேச்சல்ல. 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் போலி ஓசெம்பிக் போட்ட சிலர் ரத்தச் சர்க்கரை சரிந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பேனாவுக்குள் இன்சுலின் இருந்திருக்கலாம் என்று அங்குள்ள அதிகாரிகள் சந்தேகித்தார்கள். 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனமே போலி செமாகுளுடைட் பற்றி எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை விடுத்தது.

ஊசியைக் கண்டு பயந்து ‘மூலிகைக் காப்பி’, ‘நார்ச்சத்துச் சாறு’ என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் இன்னும் கடுமையாகச் சொல்வேன். சிபுட்ரமின் என்ற மருந்து ஒருகாலத்தில் ரெடக்டில் என்ற பெயரில் முறையாக விற்பனையான எடைக்குறைப்பு மாத்திரை. இதயநோய் அபாயம் உள்ள சுமார் 10,000 பேரிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியது தெரிந்ததால் 2010இல் அது பெரும்பாலான நாடுகளின் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. கடையிலிருந்து போனது, காப்பிப் பொட்டலத்துக்குள் புகுந்துகொண்டது. நம் சுகாதார அமைச்சு எடைக்குறைப்புப் பொருள்களைச் சோதித்து அறிவிக்கும் பட்டியல்களில் இந்தப் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. பொட்டலத்தின்மேல் இலை படம், உள்ளே தடை செய்த ரசாயனம். குடித்த முதல் வாரமே பசி அடங்கி, நெஞ்சு படபடத்து, இரவில் தூக்கம் வரவில்லையென்றால், அது மூலிகையின் மகிமை இல்லை.

சென்னைக்குப் போய்வரும் உறவினர் வாங்கி வரும் பேனாவைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே முறையான மருந்துக்கடையில் வாங்கியது போலியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். கடையிலிருந்து மீனம்பாக்கம், விமானம், கேஎல்ஐஏ, காரின் பின்பெட்டி என்று வரும் வழியில் அது எத்தனை நேரம் வெயிலில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பனிக்கட்டியோடு ஒட்டி உறைந்திருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். உருகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருக்கும், வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

அடுத்தது அளவு. இந்த மருந்தில் பாதுகாப்பின் பெரும்பகுதி அளவில்தான் இருக்கிறது. செமாகுளுடைட் வாரம் ஒரு முறை 0.25 மில்லிகிராமில் தொடங்கும். அது எடை குறைக்கும் அளவே இல்லை; குடலைப் பழக்குகிற அளவு. குறைந்தது நான்கு வாரம் அதே அளவு, பிறகு 0.5, பிறகு 1 என்று படிப்படியாக ஏறும். வெகோவியில் 1.7 வழியாக 2.4 வரை போகும். குமட்டல் தாங்க முடியவில்லையென்றால் மருத்துவர் அதே படியில் நிறுத்திவைப்பார், அல்லது ஒரு படி இறக்குவார். ‘மெதுவாகத்தானே குறைகிறது’ என்று தானே ஏற்றிக்கொள்ளக் கூடாது. குப்பியில் வாங்கிச் சிரிஞ்சில் இழுத்துப் போடுகிறவர்கள் மில்லிகிராமையும் யூனிட்டையும் குழப்பிக்கொண்டு, போட வேண்டியதைப்போல் 5 முதல் 20 மடங்குவரை போட்டுக்கொண்டதாக 2024 ஜூலையில் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது.

பேனாவை எப்படிப் போடுவது என்று மருத்துவமனையில் ஒருமுறை காட்டுவார்கள். அவசரத்தில் பாதி மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை. புதுப் பேனாவென்றால் முனையில் ஒரு துளி தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வயிற்றிலோ தொடையிலோ, கடந்த வாரம் குத்திய இடத்திலிருந்து சற்றுத் தள்ளிக் குத்துங்கள். சிறு ஜன்னலில் பூஜ்யம் வரும்வரை அழுத்தி, பூஜ்யம் வந்த பிறகும் எடுக்காமல் மெதுவாக ஆறு எண்ணுங்கள். ஓசெம்பிக் பேனாவுக்கு இதுதான் முறை. உடனே இழுத்தால் மருந்து தோலுக்கு வெளியே வழியும். ஊசிமுனையைக் கழற்றிக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போடுங்கள். குப்பை எடுக்க வருபவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். முனையை மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவர் போடவே கூடாது. ரத்தத்தின் வழியே பரவும் நோய்க் கிருமிகள் பேனாவுக்குள்ளும் போகும்.

யாருக்குக் கூடாது என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும், ஆனால் அவரிடம் சொல்ல வேண்டியதை நாம்தான் சொல்ல வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, உங்களுக்கு முன்பு கணைய அழற்சி வந்ததா, பித்தக்கல் உண்டா, கண்ணின் விழித்திரையில் நீரிழிவுப் பாதிப்பு உண்டா என்று. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் செமாகுளுடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். எடை குறைந்ததும் சினைமுட்டை உருவாவது சீராகி, எதிர்பாராமல் கருத்தரித்தவர்கள் இருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ வருகிறதென்றால் மயக்க மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் இருப்பது உயிரோடு விளையாடுவது. இரைப்பை தாமதமாகக் காலியாவதால், பட்டினி இருந்தும் உள்ளே உணவு தங்கியிருந்து மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகலாம்.

குமட்டல், மலச்சிக்கல், ஏப்பம் எல்லாம் சகஜம். கொஞ்சமாகச் சாப்பிட்டு, எண்ணெயைக் குறைத்து, தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மேல்வயிற்றில் விடாத கடும் வலி முதுகுக்குப் பரவினால், கண் மஞ்சளாகிக் காய்ச்சல் வந்தால், நாள் முழுக்க வாந்தியெடுத்துச் சிறுநீர் குறைந்தால், ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கினால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பார்வை பாதிப்பு மிக அரிது, 10,000 பேரில் ஒருவருக்கு வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் சொன்னது. அரிது என்றாலும் அந்த ஒருவர் நம் வீட்டிலும் இருக்கலாம்.

நமக்கே உரிய ஒரு விஷயத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். தைப்பூசத்துக்கு மாலை போட்டு, காவடி நேர்ந்து, வாரக்கணக்கில் ஒருவேளை உணவோடு விரதம் இருப்பவர்கள் இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பத்துமலையில் படியேறும் அவர்கள் பக்தியை நான் வணங்குகிறேன். ஆனால் இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுப்பவர், அதன்மேல் பசியை அடக்கும் ஊசியும் போட்டுக்கொண்டு, விரதமும் இருந்தால், சர்க்கரை எந்த நேரத்திலும் சரியலாம். ரத்தக் கொதிப்பு மாத்திரையும் சேர்ந்தால், வெயிலில் தலைசுற்றி விழுவதற்கு வேறு காரணம் வேண்டாம். ரமதான் நோன்புக்கு முன் முஸ்லிம் நோயாளிகளின் மருந்து வேளையை மாற்றியமைப்பது இங்குள்ள கிளினிக்குகளில் வழக்கமான வேலை. தைப்பூச விரதத்துக்கும் அதையே நாம் கேட்கலாம். கேட்பதில்லை. மாலை போடுவதற்கு இரண்டு வாரம் முன்பு மருத்துவரைப் பாருங்கள். அளவை மாற்றித் தருவார். விரதத்தைக் கைவிடச் சொல்வார் என்று பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, எடை குறையும்போது கொழுப்போடு தசையும் குறைகிறது. பசி இல்லாததால் இரண்டு பிஸ்கட்டோடும் தேநீரோடும் நாளைக் கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தராசு மகிழ்ச்சி தரும், மாடிப்படி ஏற முடியாது. சாப்பிடுவது கொஞ்சமென்றால் அந்தக் கொஞ்சத்தில் முட்டை, மீன், கோழி, பருப்பு, தௌஹு, தெம்பே முதலில் வரட்டும், சோறு கடைசியில். வாரத்தில் சில நாளாவது பளு தூக்குங்கள். ஜிம் வேண்டாம், தண்ணீர் பாட்டில் போதும்.

ஊசியை எப்போது நிறுத்துவது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் முன்பு சொன்ன 2021 ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரை மருந்தை நிறுத்திய பிறகும் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் என்று தொடங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். மாதச் செலவு பல நூறு வெள்ளி; எத்தனை ஆண்டுக்குத் தாங்கும் என்பதையும் முதல் நாளே மருத்துவரோடு பேசுங்கள். 2025 மே முதல் தனியார் கிளினிக்குகளும் ஃபார்மசிகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். விலையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இப்போது கூச்சத்துக்கு வருகிறேன். இந்த மருந்துகளின் ஆபத்துகளில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை, தவிர்ப்பதற்குத் தேவை யாராவது ஒருவருக்கு விஷயம் தெரிந்திருப்பது. சர்க்கரை சரிந்து மயங்கியவரை எழுப்பும் கணவருக்கு, மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்கு, மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளருக்குத் தெரியாவிட்டால் நல்ல மருந்தும் கெட்ட மருந்துதான். தெரியவிடாமல் தடுப்பது நம் நாக்கு. கல்யாண வீட்டில் எல்லார் முன்னிலையிலும் ‘என்னம்மா, இன்னும் உப்பிட்டே?’ என்று கேட்கிறோம். மெலிந்து வந்தால் ‘ஊசி போட்டியா?’ என்று கேட்டுச் சிரிக்கிறோம். இரண்டையும் கேட்ட பெண் தன் பேனாவைக் கைக்குட்டையில்தான் சுற்றி வைப்பாள். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவரைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. உடல் பருமனும் அதேபோல் ஒரு நோய், அதற்கும் மருந்து உண்டு என்று ஏற்றுக்கொள்ளாதவரை அழகுநிலைய வியாபாரம் குறையாது.

உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், சீட்டில் வாங்கியது, கடையில் வாங்கியது, தோழி கொடுத்தது, காப்பிப் பொட்டலம் உள்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசைமேல் வையுங்கள். ஊசி போட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் ஒருவரிடமாவது பெயரையும் அளவையும் எந்தக் கிழமை என்பதையும் சொல்லிவையுங்கள். யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால், தயவுசெய்து முகம் மாறாமல் கேளுங்கள்.